மலையில் காட்டேஜ் கட்ட வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் பழைய தேயிலைத் தோட்டங்கள் சென்ட் கணக்கில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குகிற பலருக்கும் விருந்தினர் விடுதி நடத்தும் ஆசை. இந்தத் தொழிலில் எங்கள் தலைமுறை செய்து கெட்ட அதே காரியங்களை அவர்கள் புது உற்சாகத்தோடு செய்கிறார்கள். அனுமதியில்லாமல் கட்டக் கூடாது, பிளாஸ்டிக் பாட்டில் வைக்கக் கூடாது என்பதை எல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சோதனைச்சாவடியிலேயே சொல்லிவிடுவார்கள்.

சரிவைச் செங்குத்தாக வெட்டுவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. வெட்டுகிறவர்கள் எல்லோரும் கோடையில்தான் வெட்டுகிறார்கள். காய்ந்த செம்மண் அப்போது சுவர்போல நிற்கும். எங்களுக்குக் கீழே இடம் வாங்கிய ஒருவர், கார் நிறுத்தவும் பள்ளத்தாக்கைப் பார்க்கவும் இரண்டு ஆள் உயரத்துக்கு நேராக வெட்டினார். "கல் மாதிரி நிற்கிறதே அண்ணே, இது எங்கே சரியப்போகிறது?" என்றார். தடுப்புச்சுவர் எழுப்பினார், ஆனால் நீர் வெளியேறும் துளைகளை விட மறுத்துவிட்டார். சுவரில் கறை வழிந்தால் போட்டோ கெட்டுவிடுமாம்.

தடுப்புச்சுவர் மண்ணைத் தாங்கும். அதன் முதுகில் தேங்கும் தண்ணீரையும் சேர்த்துத் தாங்க அதனால் முடியாது. நனைந்த மண் கனக்கும், பிடிமானம் இழக்கும், வழி தேடும் நீர் சுவரைத் தள்ளும். ஐப்பசி மழையில் அவருடைய சுவர் முதலில் வயிறு தள்ளியது. பிறகு ஒரு விடியற்காலையில் ஜெனரேட்டர் கொட்டகையின்மேல் விழுந்தது. அறைகளில் அன்று விருந்தினர் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நான்கு அறை விடுதி என்றால் குளியல், துணி, சமையல் என்று ஆண்டு முழுவதும் தண்ணீர் இறங்குகிறது. அதை உறிஞ்சுகுழி தோண்டி வெட்டிய சரிவின் தலையிலேயே விடுகிறார்கள். அது கோடையிலும் மழை பெய்துகொண்டிருப்பதற்குச் சமம்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே வெட்டாக இல்லாமல் தாழ்வான படிகளாக வெட்டுங்கள். வெட்டுக்கு மேலே ஒரு வடிகால் எடுத்து, மேலிருந்து வரும் நீரைத் திருப்பிவிடுங்கள். சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பித் துளைகள் விடுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியே ஓடைக்குக் கொண்டுபோங்கள். ஜே.சி.பி.யை இறக்குவதற்கு முன் அனுமதி வாங்குங்கள். அந்தக் கட்டுப்பாடு வீம்புக்குப் போட்டதல்ல. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில், மழையே இல்லாத காலத்தில், ஊட்டி காந்திநகரில் ஒரு கட்டுமானத்துக்குப் பள்ளம் தோண்டும்போது மேலிருந்த கழிப்பறைக் கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

சுற்றுலாவால் மலை கெடுகிறது என்றால் உடனே வாகனங்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நீதிமன்றம் தலையிட்டு 2024 மே மாதம் இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வண்டிக்கு இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் அனுமதி, வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கார் திங்கட்கிழமை இறங்கிப் போய்விடும், வெட்டிய சரிவு அங்கேயே இருக்கும்.

சதுப்பை மண் கொட்டி நிரப்புவது

வேண்டாம். கோடையில் உங்கள் கிணற்றுக்கு வருவது அந்தத் தண்ணீர்தான்.

சமையலறைக் கழிவைத் திறந்து வைப்பது

கரடி வரும். ஒரு முறை ருசி கண்டால் கதவையும் உடைக்கும். அதைப் படம் எடுக்க விருந்தினரை வெளியே அழைத்துப்போகும் முதலாளிகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மே மாதத்தை நம்பிக் கடன் வாங்குவது

உச்சவரம்பு இருக்கும்போது அறை காலியாக இருந்தாலும் விருந்தினருக்குப் பாஸ் கிடைக்காமல் போகலாம். முன்பணம் வாங்குவதற்கு முன் பாஸ் எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வரும் பஸ்களின் நேரத்தை முன்பதிவுச் செய்தியிலேயே அனுப்புங்கள், நிறுத்தத்திலிருந்து அழைத்துவர ஒரு ஜீப்பைப் பேசி வையுங்கள். கார் வராவிட்டால், அந்த வண்டி நிறுத்துமிடத்துக்காக மலையை வெட்டவும் வேண்டியதில்லை.