இக்குன: ஒரு ஜன்னலுக்கு உருபு போடும் முறை

பிழைதிருத்துவது என் தொழில். குறில் நெடிலாகிவிட்டால் கண் தானாக அங்கே நின்றுவிடும். இஷோர் மொழி படிக்க உட்கார்ந்தபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. பீட்டர்ஸ்பர்க் நகருக்கு மேற்கே, பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் பேசுகிற மொழி அது. 2010 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் இஷோர் மக்கள் 266 பேர்தான்.

ஆரம்பிக்க ஏற்ற சொல் 'இக்குன', அதாவது ஜன்னல். நம் ஜன்னல் போர்ச்சுகீசியர் கொடுத்தது, இது பழைய ரஷ்யர்கள் கொடுத்தது. இன்றைய ரஷ்யர் 'அக்னோ' என்கிறார்கள். ககரத்துக்கும் னகரத்துக்கும் நடுவே உயிர் கிடையாது. கடன் வாங்கிய காலத்தில் அங்கே தேய்ந்துபோன ஓர் உகரம் ஒலித்தது. கொடுத்தவர்கள் தொலைத்ததை வாங்கியவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த உகரத்தை விழுங்காதீர்கள்.

சரி, உருபுக்கு வருவோம். சொல் வந்தது ரஷ்யரிடமிருந்து, உருபு முழுக்க உள்ளூர்ச் சரக்கு. சோய்க்கொலா தீபகற்பத்து வழக்கைத் தருகிறேன். கிளைமொழிக்குக் கிளைமொழி கொஞ்சம் மாறும்.

'ஜன்னலுடைய' என்பதற்கு ஒரு 'ன்' போதும்: இக்குனன். 'ஜன்னலுக்குள்' (உள்ளே போகும் திசை) என்றால் கடைசி உயிரை நீட்டுங்கள்: இக்குனா. 'ஜன்னலில்' இக்குனாஸ். 'ஜன்னலிலிருந்து' இக்குனஸ்த். கடைசி இரண்டையும் நிதானமாகப் பாருங்கள்: ஒன்றில் 'னா', மற்றதில் 'ன'. நான் முதல் வாரம் முழுக்க இரண்டையும் குறிலாகவே எழுதி, பக்கம் பக்கமாக அடித்தேன். பிழைதிருத்துபவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா!

வெளிப்புறத்துக்கும் அதே கதைதான். 'ஜன்னல் மேல்' இக்குனால், 'ஜன்னல் மேலிருந்து' இக்குனல்த், 'ஜன்னல் மேலே' என்று திசை காட்ட இக்குனல்லெ. 'இக்குனால்' என்றதும் நம் 'ஆல்' உருபு ஞாபகத்துக்கு வந்து ஏமாற்றும். இங்கே அது இடத்தைக் காட்டுகிறது.

அப்புறம் எண். இரண்டு ஜன்னல் என்றால் பன்மை போடாதீர்கள்: 'கக்ஸ் இக்குனா'. இந்த 'இக்குனா' மேலே பார்த்த 'உள்ளே' அல்ல, பகுதிப்பொருள் வேற்றுமை, அதாவது ஒன்றின் பகுதியையோ அளவையோ காட்டுவது. வடிவம் மட்டும் ஒன்று. எண் முன்னால் நின்றால் இது, போகிற வினை வந்தால் அது. பேச்சில் நாமும் 'ரெண்டு ஜன்னல்' என்று 'கள்' இல்லாமல்தானே சொல்கிறோம்.