கடையிலேயே நின்று ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்: பிள்ளைகளுக்குப் புத்தகம் பார்க்கும் முறை

கத்தரிக்காய் வாங்கினால்கூட காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கான புத்தகத்தை மட்டும் அட்டையையும் விலையையும் பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். பின்னட்டையில் போட்டிருக்கும் வயதை நம்பி வாங்கிய புத்தகங்கள்தான் பாதிக்கு மேல் அலமாரியில் தூங்குகின்றன.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டே போங்கள். புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, ஏறத்தாழ 100 சொற்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் பக்கம் வேண்டாம். எழுதியவர் அதிகம் மெனக்கெட்ட இடம் அது, நடுப்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். இரண்டு இடத்துக்குள் தடுமாறினால் தானாக வாசிக்கத் தோதான புத்தகம். மூன்று முதல் ஐந்து என்றால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அல்லது ஒரு வருடம் கழித்து வாங்குங்கள்.

தடுமாற்றத்திலும் இரண்டு வகை உண்டு. "வந்துகொண்டிருந்தபோதெல்லாம்" என்ற சொல்லில் ஒரு பிள்ளை திக்கினால் பொருள் தெரியாமல் திக்கவில்லை. எழுத்துகளைச் சேர்த்துப் பிடிக்க மூச்சு போதவில்லை, அவ்வளவுதான். பத்துப் புத்தகம் வாசித்தால் சரியாகிவிடும். பொருளே தெரியாத சொல் பக்கத்துக்குப் பக்கம் வருவதுதான் ஆளை ஓட வைக்கும். அதனால் இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. வீட்டில் "வாராவ", "சொல்லுதாவ" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு "வருகிறார்கள்", "சொல்கிறார்கள்" என்பது பாதி புது மொழி. எனவே தனியாக வாசிக்க வைக்கும்போது படிக்கிற வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே இருந்து தொடங்குங்கள். இது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. உரையாடல்கள் பேச்சுத்தமிழில் உள்ள கதை கிடைத்தால் அதை முதலில் கொடுங்கள்.

அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பிரதம் புக்ஸின் இலவச இணைய நூலகமான ஸ்டோரிவீவரிலும் நான்கு நிலைகள். முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள் முடிந்துவிடும், நான்காவது 1500 சொற்களைத் தாண்டும். இந்தப் படிகளெல்லாம் மொழிக்கு, வயதுக்கு அல்ல. ஆங்கில வழியில் படிக்கும் ஏழாம் வகுப்புப் பையன் தமிழில் "நட" படியில் இருக்கலாம். அவன் கையில் யானைக்குட்டி தொப்பி தொலைத்த கதையைக் கொடுத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். மொழி எளிதாகவும் விஷயம் அவன் வயதுக்கும் இருக்க வேண்டும்: படக்கதை, விடுகதை, பேய்க்கதை, கிரிக்கெட், ஒரு பக்க அறிவியல். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

அடுத்து, தலைப்புக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரப் பக்கம். யாரும் பார்க்காத பக்கம் அது. ஓவியர் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் படங்களை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கதையில் பெண் பிள்ளை பாவாடை கட்டியிருப்பாள், படத்தில் பனியில் நிற்பாள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் வேண்டும். ஒரு பத்தியை வாய்விட்டு வாசியுங்கள். "ஒரு நாள் ஒரு சிறுவன் ஒரு மரத்தின் அடியில்" என்று ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'ஒரு' நின்றாலும், "அவனால் அது பார்க்கப்பட்டது" என்று வந்தாலும் கீழே வைத்துவிடலாம்.

பொது அறிவுப் புத்தகத்துக்கு நம் மாவட்டமே உரைகல். தமிழ்நாட்டு மாவட்டப் பட்டியலைத் திறந்து தென்காசியைத் தேடுங்கள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது, இப்போது மொத்தம் 38 மாவட்டங்கள். பட்டியலில் 32 என்று இருந்தால் பழைய சரக்குக்குப் புது அட்டை போட்டிருக்கிறார்கள். கோள்கள் ஒன்பது என்று புளூட்டோவையும் சேர்த்து எண்ணினால், 2006க்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை. இயற்கைப் புத்தகம் என்றால் நம் பிள்ளை நேரில் பார்க்கக்கூடிய உயிரினங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கூந்தன்குளத்துக்கு வலசை வரும் வரித்தலை வாத்தும் மஞ்சள்மூக்கு நாரையும் இல்லாமல் பெங்குவினும் துருவக் கரடியுமாக இருந்தால், அது இரண்டாவதாக வாங்க வேண்டிய புத்தகம்.

தாளும் கட்டும் சின்ன விஷயம்தான். ஆறு வயதுக்குள் என்றால் நடுவில் பின் அடித்த புத்தகம் விரித்து வைத்தாலும் தாங்கும். பசை போட்டு ஒட்டியது நாலு நாளில் தாள் தாளாக வந்துவிடும். வழவழப்பான தாள் டியூப்லைட்டில் பளபளத்துக் கண்ணைக் கூச வைக்கும்.

நாட்டுப்புறக் கதைத் தொகுப்பை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இடைசெவல் கி. ராஜநாராயணன் சேர்த்துத் தந்த கரிசல் கதைகள் நம் மண்ணின் சொத்து. ஆனால் அவர் பெரியவர்களுக்கான பாலியல் கதைகளையும் தொகுத்திருக்கிறார். "நாட்டுப்புறக் கதை என்றால் பிள்ளைக் கதை" என்று நினைத்து வாங்கினால் சங்கடப்படுவீர்கள். உள்ளடக்கத்தைப் பார்த்துவிட்டு, ஏற்ற கதைகளை ஆச்சியோ தாத்தாவோ வாசித்துச் சொல்லட்டும். அந்த நடை காதில் விழுந்தால்தான் ருசிக்கும்.

பதின்பருவத்தாருக்கு நீங்கள் தேர்ந்தெடுத்தால் வேலைக்கு ஆகாது. மூன்று புத்தகத்தை மேசையில் வையுங்கள்: ஒன்று அவர்களுக்குப் பிடித்த துறையில், ஒன்று நாவல், ஒன்று உண்மை வாழ்க்கை. எடுத்ததை 30 பக்கம் வரை பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் விடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காதல், சாவு, தோல்வி வருகிறது என்பதற்காக ஒதுக்க வேண்டாம். தற்கொலையைத் தீர்வாகவோ வீரமாகவோ காட்டினால் மட்டும் முதலில் நீங்கள் வாசித்து, பிறகு சேர்ந்து பேசுங்கள். நீட் கையேடு புத்தகக் கணக்கில் சேராது.

நம் பக்கத்தில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது "வீர வரலாறு" வகை. பள்ளிக்கூடத்திலேயே சாதிக்கு ஒரு நிறக் கயிறு கையில் ஏறுகிற ஊர்களில் இது சாதாரணப் புத்தகம் இல்லை. மூன்று கேள்வி போதும். ஊரில் உள்ள மற்றவர்கள் பெயரோடு வருகிறார்களா, இல்லை வேலைக்காரராகவும் துரோகியாகவும் மட்டும் வருகிறார்களா? ஆண்டும் ஆதாரமும் சொல்கிறதா? ஆதிச்சநல்லூர் பற்றிப் பேசினால் அகழாய்வில் கிடைத்ததைச் சொல்கிறதா, "உலகின் முதல்" என்று மார்தட்டுகிறதா? மூன்றிலும் தோற்றால், பரிசாகக் கிடைத்தாலும் பிள்ளை கையில் தராதீர்கள்.

வாங்குவதற்கு முன் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ எடுத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுத்த பிறகும் "அந்தப் புத்தகம் எங்கே" என்று பிள்ளை கேட்டால் அதைச் சொந்தமாக வாங்குங்கள். புத்தகத் திருவிழாவில் வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். சனி, ஞாயிறு கூட்டத்தில் யாரும் நின்று வாசிக்க முடியாது, வேலைநாள் மதியம் போங்கள். வீட்டுக்கு வந்ததும் "கதையில் என்ன நீதி?" என்று கேட்காதீர்கள். பாதியில் விட்ட புத்தகத்தைக் கண்ணில் படும் தட்டில் வைத்துவிட்டு, ஆறு மாதம் அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள்.