போரிங் போட்டுவிட்டு பிஸ்டன் தேடாதீர்கள்: அம்பாசடர், பத்மினிக்குப் பாகம் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள். பிரிப்பதில் தப்பில்லை. அதற்குப் பிறகு பாகம் தேடி சென்னை புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் அலையும்போதுதான் பணம் கரைகிறது. டூப்ளிகேட் வாங்காதே, பில் கேட்டு வாங்கு என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அவற்றை விட்டுவிடுவோம்.

ஆர்.சி. புத்தகத்தை நம்பிப் பாகம் கேட்பது

உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரில் 1489 சிசி பெட்ரோல், அதே 1489 சிசியில் டீசல், பிறகு வந்த 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் என்று பல எஞ்சின்கள் உண்டு. பெட்ரோலாகப் பிறந்து டீசலாக மாறிய வண்டிகள் ஏராளம். 1489 பெட்ரோலுக்கும் டீசலுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், பிஸ்டன் வேறு. ஆகவே கவுன்டரில் மாடல் வருஷத்தைச் சொல்லாதீர்கள். கழற்றிய பாகத்தைக் கையில் கொண்டுபோய் வையுங்கள்.

போரிங் முதலில், பிஸ்டன் பிறகு

தேய்ந்த சிலிண்டர் துளையைப் பெரிதாக அறுப்பதுதான் போரிங்; அதை முதலில் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடுவதைவிட அதிகப் பணத்தை விழுங்கும் தவறு பழைய கார் வேலையில் வேறில்லை. நேற்று ஷோரூமை விட்டு வந்த வண்டிக்கு இந்த வரிசை சரியாக இருக்கலாம். எந்த சைஸ் கேட்டாலும் மறுநாள் வந்துவிடும். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு அப்படி இல்லை. கடையில் மிச்சமிருக்கும் சைஸ்தான் உங்கள் சைஸ்.

வழக்கமாக நடப்பது இதுதான். பிளாக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) லேத்துக்குப் போகிறது. "இருபதில் போட்டுடலாம் சார்" என்கிறார்கள், போட்டும் விடுகிறார்கள். பிறகு நாலு கடை ஏறினால் 20 ஓவர்சைஸ் (அந்த அளவு பெரிதாக்கிய துளைக்கான) பிஸ்டன் செட் இல்லை, 40 இருக்கிறது. பிளாக் மறுபடி லேத்துக்குப் போகிறது. கூலி இரண்டு முறை என்பதுகூடப் பெரிதில்லை. அந்த பிளாக்குக்கு மிச்சமிருந்த ஒரு ரீபோரை (மறுபடி போரிங் போடும் வாய்ப்பை) வீணாக அறுத்துத் தள்ளியாயிற்று. அடுத்த முறை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புதுக் குழாய்) அடிக்க வேண்டியதுதான்.

சரியான வரிசை: அளவு, பிஸ்டன், போரிங்.

அளப்பதென்றால் வெர்னியரைச் சிலிண்டர் வாயில் வைத்துப் பார்ப்பதல்ல. சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ரிங் ஓடும் மேல்பகுதி, நடு, அடி என்று மூன்று உயரத்தில், கிராங்க் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. நாலு சிலிண்டருக்கு 24 அளவு. தேய்மானம் பெரும்பாலும் மேலே, குறுக்குவாக்கில் அதிகமாக இருக்கும். மிக மோசமான ஒரு சிலிண்டர்தான் நாலுக்கும் சைஸை முடிவு செய்கிறது.

ஓர் உதாரணம். 1489 எஞ்சினின் ஸ்டாண்டர்டு விட்டம் 73.025 மி.மீ. மேலே 73.30 காட்டுகிறது என்று வையுங்கள். 10 ஓவர்சைஸ் என்பது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் பத்து, அதாவது 0.254 மி.மீ. அந்த சைஸில் சிலிண்டர் 73.279-தான் ஆகும், தேய்ந்த பள்ளம் போகாது. 20 என்றால் 73.533, பள்ளம் போய்விடும். ஆக "20 அல்லது அதற்கு மேல், கிடைப்பதில் சிறியது" என்று சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பிளாக் அதுவரை வீட்டில் எண்ணெய் தடவிக் கிடக்கட்டும்.

செட் கிடைத்ததும் பார்க்க வேண்டியவை: நாலும் ஒரே கம்பெனியா, தலையில் குத்தியிருக்கும் சைஸ் ஒன்றா, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோர்க்கும் பின்னின் விட்டம் பழையதோடு ஒத்துப்போகிறதா, பின்னிலிருந்து தலைவரை உள்ள உயரம் சரியா. சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தால் நாலும் ஐந்து கிராம் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு பெட்டியிலிருந்து இரண்டிரண்டாகச் சேர்த்துத் தரும் கடைக்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

பிறகு பிளாக்கோடு பிஸ்டனையும் சேர்த்து லேத்தில் கொடுங்கள். "20 போடுங்க" என்று மட்டும் சொன்னால் அவர் புத்தக அளவுக்கு அறுப்பார். ஒரு கம்பெனி பிஸ்டனில், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வேண்டிய இடைவெளியைக் கழித்து அளவு வைத்திருக்கும், இன்னொன்றில் அப்படி இருக்காது. பிஸ்டனின் அடிப்பாவாடையில் (கீழ்ச்சுவரில்), பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டரால் அளந்து, பெட்டியில் உள்ள சீட்டு சொல்லும் இடைவெளியைக் கூட்டித்தான் ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தீட்டும் கடைசி வேலை) முடிய வேண்டும். இடைவெளி குறைந்தால் சூடானதும் பிடித்துக்கொள்ளும். கூடினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டும், ஆயிலைக் குடிக்கும்.

கிராங்குக்கும் இதே கதை. பேரிங் கையில் வராமல் கிரைண்டிங் கொடுக்காதீர்கள். பழைய பேரிங் ஓட்டின் முதுகைத் துடைத்துப் பாருங்கள்: எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்டு) அல்லது, ஏற்கெனவே கிரைண்டிங் செய்த அளவைச் சொல்லும் 010, 020, 030 என்று இருக்கும். அதுதான் அந்த எஞ்சினின் ஜாதகம். 030 ஏற்கெனவே போட்டிருந்தால், 040 பேரிங்கோ நல்ல கிராங்கோ கிடைக்குமா என்பதை முதலில் விசாரியுங்கள். மெயின் பேரிங்குக்கு ஒரு சைஸ், கனெக்டிங் ராடு மாட்டும் பிக் எண்டுக்கு வேறு சைஸ் இருந்தால் தப்பில்லை. கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னலின் ஓரத்தில் உள்ள வளைவை மட்டும் கூர்முனையாக அறுத்துவிடக் கூடாது. கிராங்க் முறிவது அங்கேதான்.

'ஓல்டு ஸ்டாக்' என்றதும் மயங்குவது

மெழுகுத்தாளில் சுற்றிய பழைய பேரிங், கியர், வால்வு கிடைத்தால் வாங்குங்கள். துருவும் கீறலும் இல்லையென்றால் இரும்புக்கு வயது இல்லை. ரப்பருக்கு உண்டு. முப்பது வருஷம் பெட்டியில் இருந்த பிரேக் வீல் சிலிண்டரின் ரப்பர் கப், ஆயில் சீல், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் இவையெல்லாம் பார்க்கத்தான் புதுசு. பிரேக் கப் மாட்டி ஒரு மாதத்தில் கசியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய வகை ரப்பரையும் கார்க்கையும் அது ஊதவைக்கும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் (எஞ்சின் ஆயில் தொட்டிக்குள்) இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும்; மேலே சொன்ன புது பேரிங் அத்தனையும் அதில் போகும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால் முகர்ந்து பாருங்கள்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் வீல் சிலிண்டர்

ஜோடியாக வாங்குங்கள். விட்டம் வேறானால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

போல்ட்டில் கஞ்சத்தனம்

அம்பாசடரில் பெரும்பாலும் அங்குல மரை, பத்மினியில் மி.மீ. மரை. அம்பாசடரின் 5/16 யு.என்.எஃப். (அங்குல நுண்மரை) போல்ட் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கு சுமார் 20 மரை. இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் துளையின் மரை போச்சு. விரலால் ஐந்து சுற்று ஏறாத போல்ட்டை ஸ்பானரால் ஏற்ற வேண்டாம்.

கழற்றியதைக் காயலான் கடைக்குப் போடுவது

வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். அதுவரை எதையும் போடாதீர்கள்.