ஹீட்டர் கோர் மாற்றும் முறை: டர்பன் வண்டிக்காரர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆண்டு முழுவதும் ஹீட்டரைத் தொடாமலே வண்டி ஓட்டிவிடலாம். குளிர்காலமான ஜூலையில், பள்ளி விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டு, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயை ஏறும்போதுதான் அதன் அருமை தெரியும். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டிச் சாலை அடைபட்டபோது, பலர் வண்டிக்குள்ளேயே இரவைக் கழிக்க நேர்ந்தது. ஆகவே பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஹீட்டரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டர். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடேறி அதற்குள் ஓட, விசிறி அதன் வழியே காற்றைத் தள்ளுகிறது. கூலன்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி வருவதும், பழைய கூலன்டை மாற்றாமலே விடுவதும் அதன் மெல்லிய குழாய்களை உள்ளிருந்து அரித்துவிடும்.

டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன் கோர்தான் கெட்டது என்று உறுதி செய்துகொள்வது மிக முக்கியம்; ஏனெனில் பாகத்தின் விலையைவிட அதை எட்டுவதற்கான உழைப்பே பெரிது. இடப்புறப் பயணியின் காலடியில் கம்பளம் நனைந்திருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமும் வழுவழுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட். வாடையற்ற தெளிந்த நீரானால், ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் போல மங்குவதும் கோர் கசிவின் அடையாளமே. கசிவு இல்லாமல் சூடு மட்டும் வரவில்லையென்றால், என்ஜின் நன்றாகச் சூடேறிய பின் கோருக்குச் செல்லும் இரண்டு ஹோஸ்களையும் (ரப்பர் குழாய்களையும்) எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் கோர் அடைத்திருக்கலாம்; தண்ணீர் பாய்ச்சிக் கழுவினாலே சில சமயம் சரியாகிவிடும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் ஹீட்டர் வால்வு, தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் பாகம்), கூலன்ட் பாதையில் காற்றடைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

என்ஜின் முழுதும் ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, ஏர்பேக் உள்ள வண்டியானால் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். கூலன்டை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு, என்ஜின் பக்கத் தடுப்புச் சுவரில் உள்ள இரண்டு ஹோஸ்களையும் விடுவியுங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுக்காதீர்கள், கோரின் குழாய் முறிந்துவிடும். முதலில் மெல்லத் திருகிப் பாருங்கள், அசையாவிட்டால் நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்துவிட்டுப் புதிய ஹோஸ் போடுங்கள்.

உள்ளே நடுக் கன்சோல், கையுறைப் பெட்டி, ரேடியோ, பிறகு டேஷ்போர்டு என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுத்து, அந்தந்தப் பகுதியின் திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். திருகு எல்லாம் வந்த பிறகும் டேஷ்போர்டு அசையவில்லை என்றால் எங்கோ ஒன்று மறைந்திருக்கிறது என்று பொருள். பலம் காட்டினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். சில வண்டிகளில் ஏசியின் எவாப்பரேட்டரும் (காற்றைக் குளிர்விக்கும் பாகமும்) கோர் இருக்கும் அதே பெட்டிக்குள் இருக்கும். அதன் வாயுவைத் தகுந்த கருவியுள்ள பட்டறையில் எடுக்கச் சொல்லுங்கள், நீங்களே திறந்துவிட வேண்டாம்.

பழைய கோரை உருவும்போது மிச்சக் கூலன்ட் சிந்தும் என்பதால் அடியில் துணி விரித்துக்கொள்ளுங்கள். புதியதைப் பழையதன் அருகில் வைத்துக் குழாய்களின் கோணத்தை ஒப்பிடுங்கள். அதன் பிறகே புதிய ஓ-ரிங்குகளையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களையும்) ஓரப் பஞ்சையும் வைத்துப் பொருத்துங்கள். பஞ்சை விட்டுவிட்டால் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், சூடு வராது. டேஷ்போர்டை மூடுவதற்கு முன்பே ஹோஸ்களை மாட்டிக் கூலன்ட் நிரப்பிக் கசிவு பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு கசிந்தால் எல்லாவற்றையும் மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.

கையேடு சொல்லும் வகைக் கூலன்டைக் காய்ச்சி வடித்த நீருடன் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் விசிறி சுழலும் வரை என்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். அடுத்த சில நாள்கள் காலையில், என்ஜின் ஆறிய நிலையில், கூலன்ட் அளவைப் பாருங்கள். வடித்த கூலன்ட் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும். அது கொடிய நஞ்சு. குழந்தைகளுக்கும் எட்டாமல் மூடிய கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறையில் அதையும் ஏற்பார்களா என்று கேட்டு ஒப்படையுங்கள். சாக்கடையில் கொட்டக் கூடாது.