குளத்துப் பாசியை மிதக்கவைத்து அள்ளும் முறை: வேலூர் வெயிலுக்கேற்ற டி.ஏ.எஃப். வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கழிவுநீரைக் குளத்தில் தேக்கிச் சுத்திகரிக்கும் இடங்களில், பங்குனி பிறந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். கழிவு மட்கி முடிந்த பிறகும் பாசியே புதுக் கழிவாக வெளியேறும், பி.ஓ.டி.யும் (கழிவு மட்க எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் அளவு) மிதக்கும் திடப்பொருளும் ஏறும். பாசி செல் மிக நுண்ணியது, எடையும் கிட்டத்தட்ட தண்ணீரின் எடைதான். எல்லாச் செல்களும் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளும். அதனால் செட்லிங் தொட்டியில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் சரியாகப் படியாது. நுண்குமிழியில் ஒட்டி மேலே தூக்குவதே சுலபம். இதுதான் டி.ஏ.எஃப். (கரைந்த காற்றால் மிதக்கவைத்தல்): சாச்சுரேட்டர் என்ற அழுத்தப் பாத்திரத்தில் காற்றைக் கரைத்த தண்ணீரை நாசில் வழியாகத் தொட்டியில் விட்டால், காற்று நுண்குமிழிகளாகப் பிரிந்து பாசியைத் தூக்கும்.

டி.ஏ.எஃப். ஓடாத இடங்களில் பெரும்பாலும் கம்ப்ரஸரைக் குறை சொல்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பி.எச். (அமில-கார அளவு). பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். 9, 10 வரை போகும். ஆலமோ (படிகாரம்) பி.எச். 6 முதல் 6.5 வரையில்தான் பாசியை நன்றாகத் திரட்டும். லிட்டருக்கு 150 மி.கி. ஆலம் சுமார் 75 மி.கி. காரத்தன்மையைத்தான் (பி.எச். இறங்காமல் தாங்கும் தன்மை) தின்னும். போர்த் தண்ணீரிலிருந்து வந்த கழிவுநீரில் காரத்தன்மை 300ஐத் தாண்டியிருந்தால் பி.எச். லேசாகத்தான் இறங்கும். அப்போது ஆலத்தை மேலும் மேலும் கொட்டினால் சேறுதான் கூடும். நீர்த்த கந்தக அமிலத்தைத் தனி டோசிங் பம்பில் விடுங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. குளத்து நீரை ஏற்றும் பம்பை விடியற்காலையில் ஓட்ட முடிந்தால் அமிலச் செலவு குறையும்.

ஆலம் அளவைக் கண்டுபிடிக்க ஜார் டெஸ்ட். 10 சதவீத ஆலம் கரைசலில் 1 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மி.கி. ஆகும். ஆறு ஜாரில் 50 முதல் 300 மி.கி. வரை வையுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். பிறகு பிளாண்டின் பிரஷர் தண்ணீரில் (சாச்சுரேட்டரில் காற்று கரைந்தது) 200 மில்லியை டியூப் வழியாக ஜாரின் அடியில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து அடியிலிருந்து எடுத்துக் கலங்கலை அளங்கள். காலைத் தண்ணீருக்கும் மாலைத் தண்ணீருக்கும் தனித்தனியாகச் செய்யாவிட்டால் விடை பாதிதான். ஃப்ளாக் (ஆலத்தால் திரண்ட பாசித் துகள்) பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை, ஊசிமுனை அளவே போதும். பெரிய ஃப்ளாக் குமிழி ஒட்டும்போது உடையும்.

ஒரு கணக்கு: நாளைக்கு 500 கன மீட்டர், 20 மணி நேர ஓட்டம் என்றால் மணிக்கு 25. அதில் 20 சதவீதம், அதாவது 5 கன மீட்டரைச் சாச்சுரேட்டருக்குச் சுழற்றுங்கள். மொத்தம் 30 கன மீட்டர். சதுர மீட்டருக்கு மணிக்கு 5 கன மீட்டர் என்று வைத்தால் தொட்டிப் பரப்பு 6 சதுர மீட்டர். 150 மி.கி. ஆலம் என்றால் 10 சதவீதக் கரைசல் மணிக்கு 37.5 லிட்டர். சாச்சுரேட்டர் அழுத்தம் 5 பார். சுழற்றுவதற்குத் தெளிந்த தண்ணீரையே எடுங்கள், இல்லையென்றால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே நிற்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 18.7 மில்லி காற்றைக் கரைக்கும், 30 டிகிரியில் 15.7 மில்லிதான். ஆறில் ஒரு பங்கு காற்று போய்விடுகிறது. கத்திரி வெயில் நாட்களில் சுழற்சியை 25 சதவீதம் வரை ஏற்றுங்கள், அல்லது அழுத்தத்தை 6 பாருக்குக் கொண்டுபோங்கள். உங்கள் பாத்திரம் எத்தனை பாருக்குச் சான்றிதழ் பெற்றது என்று பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

காற்று சரியா என்று பார்க்க, நாசிலுக்குப் பின்னால் இருக்கும் சாம்பிள் வால்வில் ஒரு கண்ணாடிச் சாடி பிடியுங்கள். தண்ணீர் பால் போல வெளுத்து, அடியிலிருந்து மெதுவாகத் தெளிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழிகள் சடசடவென்று ஏறினால், சாச்சுரேட்டரில் தண்ணீர் மட்டம் இறங்கி, கரையாத காற்று நேராகத் தொட்டிக்குப் போகிறது. அது படர்ந்த பாசித் திரையைக் கிழித்துவிடும். வெளுப்பே வராவிட்டால் மட்டம் ஏறிப் பாத்திரம் முழுக்கத் தண்ணீராகியிருக்கும், அல்லது கம்ப்ரஸர் காற்று தரவில்லை. மட்டக் கண்ணாடியை மணிக்கொரு தரம் பாருங்கள்.

ஸ்கிம்மரை (மிதப்பதை வாரி அள்ளும் தகடு) வேகமாக ஓட்டினால் மிதந்த படலம் உடைந்து கீழே இறங்கும், அள்ளத் தாமதித்தாலும் காற்று விலகிப் படலம் அமிழும். ஐப்பசி மழையும் அதைக் குத்தி உடைக்கும் என்பதால் தொட்டிக்குக் கூரை கட்டாயம். பாசியைக் கொல்ல முன்கூட்டியே குளோரினோ மயில் துத்தமோ போடாதீர்கள். செல் உடைந்து உள்ளிருப்பது கரைந்துவிட்டால் எந்தக் குமிழியும் அதைத் தூக்காது, நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் நச்சும் வெளியே வரும்.

லிட்டர் தண்ணீரில் 100 மி.கி. பாசி இருந்தால், ஆலம் சேறும் சேர்த்து மேற்சொன்ன பிளாண்டில் நாளைக்கு சுமார் 70 கிலோ உலர் திடப்பொருள். 3 சதவீதக் கெட்டியில் அது 2.3 கன மீட்டர். அதைத் திரும்பவும் குளத்தில் விட்டால் அழுகி, நைட்ரஜனும் பாஸ்பரஸும் வெளியேறி, அடுத்த பாசிக்கு அதுவே உரமாகும். மணல் உலர் படுகையில் மெல்லியதாகப் பரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் படுகை காயாது. அந்த மாதங்களுக்கென்று மூடிய படுகை ஒன்றாவது கூடுதலாக வேண்டும்.