விண்டோஸ் இருக்கும் வன்தட்டில் லினக்ஸுக்கு இடம் பிரிப்பது எப்படி

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் அதில் லினக்ஸையும் நிறுவிப் பார்க்கலாம் என்று பலர் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கணக்கு மென்பொருளுக்காகவோ, லினக்ஸில் சரிவர இயங்காத ஒரு பிரின்டருக்காகவோ விண்டோஸும் அதே வட்டில் இருந்தாக வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் வன்தட்டை எவ்வாறு பிரிப்பது என்பதை 512 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், விண்டோஸ் ஆகியவை உள்ள ஒரு மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவுவதை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். உபுண்டு, டெபியன் போன்ற மற்ற லினக்ஸ் வகைகளில் திரைகள் மாறுபடும். செய்ய வேண்டியவை மாறுவதில்லை.

'விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவு' என்ற ஒரு தேர்வை, லினக்ஸை வட்டில் ஏற்றும் நிரலான நிறுவியே (இன்ஸ்டாலர்) தருகிறது. அவசரத்துக்கு அது போதும். ஆயினும் எதற்கு எவ்வளவு இடம் என்பதை அது தன் போக்கில் முடிவு செய்துவிடும் என்பதாலும், ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகள் உள்ள கணினியில் எந்த வட்டைத் தொடுகிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டியிருப்பதாலும், கையால் பிரிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

முதலில் வட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்கு செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், சி டிரைவைத் தவிர வேறு சில சிறு பிரிவுகளும் தெரியும். முதலாவது இஎஃப்ஐ பிரிவு. விண்டோஸ் தானே உருவாக்கியிருந்தால் அது பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். கணினி இயங்கத் தொடங்கும்போது எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்பதற்கான நிரல்கள் அதில்தான் உள்ளன. அதை அடுத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டாத 16 எம்பி அளவுள்ள ஒதுக்கீட்டுப் பிரிவு ஒன்று உண்டு. பிறகு சி டிரைவ். அதன் வலப்புறம், விண்டோஸ் கெட்டுப்போனால் பழுதுபார்க்கும் கருவிகளைக் கொண்ட ரெக்கவரி பிரிவு இருக்கும். இடம் போதவில்லை என்று இதை அழித்துவிடுவோர் உண்டு, அழிக்க வேண்டாம். 2024 ஜனவரியில் வெளியான விண்டோஸ் 10-இன் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, இந்த ரெக்கவரி பிரிவில் 250 எம்பி காலியிடம் இல்லாத கணினிகளில் பிழை காட்டி நின்றுபோனது. பெயர் புரியாத ஒரு பிரிவு தேவையற்றதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

அதே திரையில் வட்டின் பண்புகளைத் திறந்து, வால்யூம்ஸ் என்ற பகுதியில், எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பிரிவு அட்டவணை ஜிபிடி வகையா எம்பிஆர் வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளவும். எம்பிஆர் 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி காலத்தில் வந்தது. அதில் முதன்மைப் பிரிவுகள் நான்குக்கு மேல் இருக்க முடியாது, வழக்கமான 512 பைட் செக்டர்களைக் கொண்டு ஏறத்தாழ 2 டிபிக்கு மேல் கையாளவும் முடியாது. ஜிபிடியில் பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு என்பதோடு, அட்டவணையின் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் 11 கணினியைத் துவக்கும் புதிய முறையான யுஇஎஃப்ஐயைக் கோருவதால் அதனுடன் வந்த கணினிகளில் ஜிபிடிதான் இருக்கும். பழைய கணினியில் எம்பிஆர் இருந்து, நான்கு முதன்மைப் பிரிவுகளும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், கீழே சொல்லும் வழி அப்படியே பொருந்தாது. ஒரு பிரிவைக் காலி செய்து, அந்த இடத்தில் பல உட்பிரிவுகளைக் கொள்ளக்கூடிய எக்ஸ்டெண்டட் பிரிவை அமைத்து, அதற்குள்தான் லினக்ஸை வைக்க வேண்டியிருக்கும்.

இனி, வட்டைத் தொடுமுன் முடிக்க வேண்டிய வேலைகள். இழக்க முடியாத கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுப்பது முதல் வேலை; அதே வட்டில் உள்ள டி டிரைவுக்கு நகலெடுப்பது காப்பு நகல் ஆகாது. நம் ஊர்க் கடைகளில் விண்டோஸ் போட்டுத் தரும்போது வட்டை சி, டி, இ என்று பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தால், டி டிரைவில் இருப்பவை பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. விண்டோஸ் கெட்டுப்போனால் அது உதவும். ஆனால் பிரிவு அட்டவணையே பாழானால், அல்லது வட்டே பழுதானால், சி, டி, இ எல்லாம் ஒன்றாகவே போய்விடும்.

இரண்டாவது, வட்டில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் மறைகுறியாக்கம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவர்களின் வட்டு, அவர்கள் கேட்காமலேயே பூட்டப்பட்டிருக்கக்கூடும். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பகுதியைப் பார்த்து, இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிட்டு, பூட்டுநீக்கம் முழுமையாக முடியும்வரை காத்திருக்க வேண்டும். அணைக்க விருப்பமில்லாவிட்டால், 48 இலக்க மீட்புச் சாவியையாவது தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் துவக்க வரிசையில் மாற்றம் நேர்ந்ததைக் கண்டதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயக்கத்தில் இருக்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அதன் ஒரு பகுதி வட்டிலேயே உறைநிலையில் வைக்கப்படுகிறது. அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) பிரிவில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையலாம் என்பதால், லினக்ஸ் பெரும்பாலும் அதைப் படிப்பதற்கு மட்டுமே திறக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் சென்று இதை நிரந்தரமாக அணைத்துவிடலாம்.

இடம் விடுவிப்பதை விண்டோஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள். தன் கோப்பு முறைமையைச் சுருக்கும் வேலையை விண்டோஸிடமே விடுவதுதான் பாதுகாப்பு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்து ஷ்ரிங்க் வால்யூம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு சுருக்கலாம் என்பதை அது எம்பி அளவில் காட்டும். 150 ஜிபி வேண்டுமென்றால் 153600 என்று இட வேண்டும். சி டிரைவில் 300 ஜிபி காலியாக இருந்தும் 40 ஜிபிதான் சுருக்க முடியும் என்று அது சொன்னால் திகைக்க வேண்டாம். நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுதுவக்கம் செய்து மீண்டும் முயன்றால் பெரும்பாலும் எண் உயரும். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் மறக்காமல் திரும்ப இயக்கிவிட வேண்டும். விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய புதுப்பிப்புகளுக்காக சி டிரைவில் குறைந்தது 30 ஜிபியாவது காலியாக விடுவது நல்லது. சுருக்கியபின் கிடைக்கும் இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காமல் ஒதுக்கப்படாத இடமாகவே விட்டுவிடவும்.

அந்த இடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை நிறுவியின் திரைக்கு முன்னால் அமர்ந்து யோசிக்கக்கூடாது. முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் தேவைப்படுவது '/' என்ற குறியால் சுட்டப்படும் ரூட் பிரிவு ஒன்றுதான். இயங்குதளமும் மென்பொருள்களும் அதில் இருக்கும். மின்ட்டின் ஆவணம் 20 ஜிபி போதும் என்றும் 100 ஜிபி இருந்தால் வசதி என்றும் சொல்கிறது. நடைமுறையில் 20 ஜிபி விரைவில் நிரம்பிவிடும். ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு வடிவில் வரும் மென்பொருள்கள் ரூட் பிரிவில்தான் இறங்குகின்றன. டைம்ஷிஃப்ட் என்ற கருவி எடுக்கும் மீட்புப் பிரதிகளும், வேறு இடம் காட்டாவிட்டால், அங்கேயே சேர்கின்றன. ரூட் நிரம்பினால் புதுப்பிப்புகள் பாதியில் நிற்கும், சில வேளைகளில் டெஸ்க்டாப்பே திறக்காது. ஆகவே 60 ஜிபி கொடுக்கிறேன்.

எஞ்சியதை ஹோம் பிரிவுக்குக் கொடுக்கலாம். ஆவணங்கள், படங்கள், மென்பொருள்களின் அமைப்புகள் எல்லாம் அதில் தனியே இருப்பதால், நாளைக்கு வேறொரு லினக்ஸை நிறுவும்போது ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து, ஹோமைத் தொடாமல் அதே பயனர் பெயரில் தொடர முடியும். இதற்கு ஒரு விலையும் உண்டு: ஒன்றில் இடம் மீந்து கிடக்க மற்றொன்று நிரம்பி வழியலாம். மொத்தமே 60 ஜிபிதான் ஒதுக்க முடியும் என்கிறவர்கள் ஹோமைத் தனியாகப் பிரிக்காமல் ஒரே ரூட்டாக வைத்துக்கொள்வதே நல்லது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில், 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பு முதல் அதன் டெஸ்க்டாப் பதிப்புகள் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையை இயல்பாக்கி, இரண்டையும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் துணைத் தொகுதிகளாக வைத்து இந்தச் சிக்கலைத் தவிர்த்திருக்கின்றன.

ரேம் போதாதபோது கைகொடுக்கும் வட்டு இடமான ஸ்வாப் பற்றி இணையத்தில் இன்னும் உலவும் 'ரேமைப் போல இரு மடங்கு' என்ற விதி, ரேம் மெகாபைட்டில் இருந்த காலத்துக்கு உரியது. தனிப் பிரிவு கொடுக்காவிட்டால் மின்ட் தானே ஒரு ஸ்வாப் கோப்பை அமைத்துக்கொள்ளும். மடிக்கணினியை ஹைபர்னேட் செய்யும் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணைக்கும்) பழக்கம் உள்ளவர்கள் மட்டும் ரேமின் அளவுக்குக் குறையாத ஸ்வாப் பிரிவு ஒன்றை ஒதுக்கட்டும்.

இப்போது மின்ட்டின் நிறுவல் கோப்பை எழுதிவைத்த யுஎஸ்பியிலிருந்து யுஇஎஃப்ஐ முறையில் மின்ட்டைத் துவக்கி நிறுவியைத் திறக்கலாம். வட்டே பட்டியலில் தெரியாவிட்டால், இன்டெல் செயலி உள்ள கணினிகளில் சேமிப்பக முறை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று அமைக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற முறைக்கு மாற்ற வேண்டும், ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் போகும். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் துவங்குமாறு அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்தபின் வழக்கமான துவக்கத்துக்குத் திருப்ப வேண்டும்.

நிறுவல் வகை கேட்கும் திரையில் சம்திங் எல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டுகளின் பட்டியல் வரும். எஸ்எஸ்டியின் பெயர் என்விஎம்இ என்றோ எஸ்டிஏ என்றோ தொடங்கும். நீங்கள் செருகியிருக்கும் யுஎஸ்பியும் பட்டியலில் இருக்கும் என்பதால் பெயரை நம்பாமல் அளவைக் கொண்டு அடையாளம் காண வேண்டும். விண்டோஸ் ஜிபியை 1024-இன் அடுக்குகளாகவும் இந்த நிறுவி 1000-இன் அடுக்குகளாகவும் கணக்கிடுவதால் எண்கள் ஒத்துப்போகா: விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டிய வட்டு இங்கே 512 ஜிபியாகவும், சுருக்கி எடுத்த 153600 எம்பி இங்கே ஏறத்தாழ 161000 எம்பியாகவும் தெரியும். இடம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

சி டிரைவுக்கும் ரெக்கவரிக்கும் நடுவே உள்ள காலியிடத்தைத் தேர்ந்து, கூட்டல் குறியை அழுத்தி 60000 எம்பி அளவில், லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 வகையில், மவுன்ட் பாயின்ட் (அந்தப் பிரிவு லினக்ஸில் எந்த இடத்தில் இணையும் என்பது) '/' என்று ஒரு பிரிவை உருவாக்குங்கள். எஞ்சிய காலியிடம் முழுவதையும் அதே வகையில் '/home' என்று மவுன்ட் பாயின்ட் கொடுத்து இன்னொரு பிரிவாக்குங்கள். இஎஃப்ஐ பிரிவைப் புதிதாக உருவாக்க வேண்டாம். விண்டோஸின் பிரிவையே இரண்டும் பகிர்ந்துகொள்ளும், மின்ட்டின் துவக்க நிரலுக்கு அதில் சில எம்பிகளே தேவை. பட்டியலில் அது இஎஃப்ஐ என்ற வகையோடு இருக்கிறதா என்றும், அதற்கு நேரே ஃபார்மட் குறி இல்லை என்றும் உறுதிசெய்யவும்.

அந்த ஃபார்மட் நெடுவரிசைதான் இந்த வேலை முழுவதிலும் ஆபத்தான இடம். குறி இருக்க வேண்டிய வரிகள் நீங்கள் இப்போது உருவாக்கிய இரண்டு மட்டுமே. என்டிஎஃப்எஸ் என்று எழுதியுள்ள எந்த வரியிலும் குறி இருக்கக்கூடாது. இன்ஸ்டால் நவ் என்பதை அழுத்தியதும் மாற்றப்படவிருக்கும் பிரிவுகளின் பட்டியலோடு ஒரு பெட்டி வரும். அதில் உறுதி சொல்லும்வரை நீங்கள் உருவாக்கிய பிரிவுகள் வட்டில் எழுதப்படுவதில்லை. அந்தப் பட்டியலை உங்கள் தாளோடு ஒப்பிட்டு, ஒரு வரி பொருந்தாவிட்டாலும் பின்னால் செல்லவும்.

நிறுவி முடித்து மறுதுவக்கம் செய்தபின் இரண்டு இயங்குதளங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கணினி நேராக விண்டோஸுக்கே சென்றால் எதுவும் அழிந்துவிட்டதாகப் பொருளில்லை; பயாஸின் துவக்க வரிசையில் உபுண்டு என்ற பெயரை மேலே கொண்டுவந்தால் போதும், மின்ட் தன்னை அந்தப் பெயரில்தான் பதிவு செய்துகொள்கிறது. ஹோம் பிரிவின் காலியிடம் எதிர்பார்த்ததைவிட 5 ஜிபி அளவில் குறைவாகத் தெரிந்தால், எக்ஸ்ட்4 ஒவ்வொரு பிரிவிலும் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (கணினியின் நிர்வாகி) ஒதுக்கிவைப்பதே அதற்குக் காரணம். ரூட் பிரிவில் அந்த ஒதுக்கீடு இருக்கட்டும். ஹோமில் அதை டியூன்2எஃப்எஸ் கட்டளையால் 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம், அதற்காக எதையும் மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை.