காசில்லாத குறும்படத்துக்கு நடிகர்களைப் பிடிப்பது எப்படி?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் கேமரா வாடகைக்கு எடுக்க வாரக்கணக்கில் அலைவார்கள். நடிகர் என்று வந்தால் மட்டும் “நம்ம பசங்களே நடிச்சிடுவாங்க” என்று முடித்துவிடுவார்கள். கடைசியில் 20 வயதுப் பையன் தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு தாத்தாவாக வந்து நிற்பான்.

1. பாத்திரப் பட்டியல்

யாருக்கு என்ன வயது, எத்தனை நாள் வர வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு வசனத்துக்காக மட்டும் வரும் ஆளை வெட்டிவிடலாம். சாப்பாட்டுச் செலவு மிச்சம். அப்பாவாக நடிக்க ஆள் கிடைக்காமல், நன்றாக நடிக்கும் ஒரு அத்தை கிடைத்தால், அப்பாவை அத்தையாக மாற்றி எழுதுங்கள்.

2. அறிவிப்பு

இரண்டு வரிக் கதை, வயது, தேதி, இடம், சம்பளம். சம்பளம் இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். ஆனால் சாப்பாடும் பஸ் காசும் கொடுத்தே ஆக வேண்டும்.

3. எங்கே தேடுவது?

நாடகக்காரர்களிடம். சென்னையில் 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள் பலர். உங்கள் ஊரிலும் வீதி நாடகம் போடுகிறவர்கள் இருக்கக்கூடும். ஆனால் ஒன்று, கடைசி வரிசை வரை கேட்கும்படி பேசிப் பழகியவர்கள் அவர்கள். கேமரா முன்னால் குரலைக் குறைக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். வயதான பாத்திரம் என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கேளுங்கள். கூச்சமில்லாமல் பேசுவார்கள், சொன்ன நேரத்துக்கும் வந்துவிடுவார்கள்.

4. ஆடிஷன்

கல்லூரி வகுப்பறை போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டாண்டில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். எதிர் வசனத்தை நண்பர் படிக்கட்டும். நடிப்பைக் கவனிப்பது மட்டும்தான் உங்கள் வேலை.

முதல் தடவை அவர்கள் இஷ்டத்துக்கு விடுங்கள். அப்புறம் கையில் ஒரு வேலை கொடுங்கள். “எப்பப்பா வீட்டுக்கு வருவ?” என்ற வரியை, அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். சிலருக்குக் கை நின்றுவிடும். சிலர் நாரை இழுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்பார்கள். அந்த வரிக்கு உயிர் வந்துவிடும். மூன்றாவது தடவை, அதையே கோபத்தை மறைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவை பிரமாதமாக நடித்தவர் மூன்று தடவையும் ஒரே மாதிரி செய்தால் யோசியுங்கள். சுமாராகத் தொடங்கி, சொன்னதும் மாற்றிக்காட்டுகிறவரைத்தான் நான் எடுப்பேன். எதிராளி பேசும்போது அவர் காது கொடுக்கிறாரா, தன் முறைக்காகக் காத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

அம்மா–மகன் போன்ற ஜோடிகளைச் சேர்த்து நிறுத்தி ஒருமுறை பார்ப்பது அவசியம்.

5. பாதுகாப்பு

பெண்கள் வரும்போது உங்கள் குழுவிலும் ஒரு பெண் இருக்கட்டும்; யார் வீட்டுக்கும் கூப்பிட வேண்டாம். 14 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் பெற்றோர் சம்மதத்தோடு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் தேவை. விதிப்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. பரீட்சை நேரத்தில் இதற்கெல்லாம் அலைய முடியாதென்றால் கதையில் குழந்தையே வேண்டாம்.

6. உறுதி செய்தல்

தேதி, நேரம், யூடியூபிலும் விழாக்களிலும் படத்தைக் காட்டச் சம்மதம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேர்வாகாதவர்களுக்கும் அன்றைக்கே மரியாதையாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். படப்பிடிப்புக்கு முந்தின நாள் கதாநாயகனுக்குக் காய்ச்சல் வந்தால், நீங்கள் போன் போடப்போவது அவர்களுக்குத்தான்.